போகாதை எண்ட பக்கம்

ஏப்ரல் 9, வியாழன்

காலமை 3 பாகை. வெயில் எறிக்குது, ஆனால் வெளியில போனால் காது விறைக்குது. காலைச் சிஃப்ட். திரும்பி வரேக்க ட்ரெயின் 18 நிமிஷம் லேற், வழமை. இந்த ஜெர்மனியில, ஹம் ஸ்டேசனில நிண்டு நிண்டே எனக்கு வயசு போகப்போகுது.

செய்ய இருக்கிறது:
– நாளைக்கு மீன் (துருக்கிக் கடை, 4 மணிக்கு முதல்)
– மனுசன் அன்ரனின்ர சேர்ட் மூண்டு அயன் பண்ண
– யூட் அண்ணைக்கு ஃபோன்

யூட் அண்ணை தானாவே எடுத்தார். எசன் நகரத்து மண்டபம் 25ஆம் தேதி சனிக்கிழமை கிடைச்சிட்டுதாம். பங்குக் கலைவிழா. பட்டிமன்றத்துக்கு இந்த வருஷம் ஆக்கள் காணாது. பக்கத்துக்கு மூண்டு பேர் எண்ட கதையே இல்லை, ஒராளுக்கு எதிரா ஒராள். நானும் வசந்தியக்காவும். தலைப்பு: ரெண்டாம் உலகச் சண்டைக்குப் போகவேண்டாம் எண்டு கத்தின அமெரிக்கர், நியாயவாதிகளா, சுயநலக்காரரா?

"உதென்ன தலைப்பண்ணை? போன முறை மாமியா மருமகளா எண்டு வைச்சு சனம் வயிறு நோகச் சிரிச்சது."

"அதுதான் பிள்ளை. ஃபாதர் சொல்லிப்போட்டார், ஒருக்கா மூளைக்கும் வேலை குடுங்கோ எண்டு."

யூட் அண்ணைக்கு எசனில மரக்கறிக் கடை. எங்கட பட்டிமன்றத்துக்கு அவர்தான் நிரந்தர நடுவர். சீட்டுக் குலுக்கிறதும் அந்தக் கடையிலதான், தராசுத் தட்டில போட்டு. ஃபோனை வைக்காமலே குலுக்கினார். எனக்கு விழுந்தது நியாயவாதிகள். அதாவது, போகாதை எண்ட பக்கம்.

விழுந்த பக்கத்தை மாத்தேலாது. மாத்தித் தாங்கோ எண்டு கேக்கிறதே வெக்கக்கேடு. எது விழுந்தாலும் அதுதான் சத்தியம் எண்டு நெஞ்சில அடிச்சுக் கதைக்க வேணும், பேந்து எல்லாரும் ஒண்டா இருந்து றோல்ஸ் சாப்பிடுறது. எனக்கு ஒரு பயமும் இல்லை. நாலு வருஷமா நான் தோக்கேல்லை. வசந்தியக்காவுக்குக் குரல் பெரிசு, சரக்குக் குறைவு.


ஏப்ரல் 11, சனி

மழை. குசினி யன்னலுக்கால தண்ணி வருது, வீட்டுக்காரனுக்கு மூண்டாந்தரம் எழுதியாச்சு.

தபால்: கரண்ட் பில். பீட்சாக் கடை நோட்டீஸ். மகள் மெலனியின்ர பேருக்கு ஒரு கடிதம்.

ஆமியிலயிருந்து. ஜெர்மன் ராணுவம்தான், எண்டாலும் ஊரில பட்ட பிறகு ஆமி எண்ட சொல்லே எனக்கு ஆகாது. பதினெட்டு முடிஞ்ச ஆம்பிளைப் பிள்ளையள் கட்டாயம் ஃபோம் நிரப்ப வேணும், பொம்பிளைப் பிள்ளையள் விரும்பினால் நிரப்பலாம். சேர விருப்பமோ எண்டு கேட்டிருக்கு. விரும்பினால் தானே! எடுத்துக்கொண்டு போய் நீலப் பேப்பர் வாளிக்குள்ள போடப் போனன்.

"அம்மா, அது என்ர பேரில வந்தது."

"உனக்கு உது தேவையில்லைப் பிள்ளை. கட்டாயமில்லையெண்டு போட்டிருக்கு."

"அதை நான் வாசிச்சிட்டுச் சொல்லுறனே."

வாங்கிக்கொண்டு அறைக்குள்ள போட்டாள். நான் குசினியில நிண்டு வெங்காயம் வெட்டினன், வெட்டி முடியேக்க ஆறு வெங்காயம். கறிக்கு ரெண்டு காணும்.

அன்ரன் ஃபக்டரியால வந்தவுடன சொன்னன். "விடும். பிள்ளை ஒரு கடிதம் வாசிக்கிறது குற்றமோ?" எண்டார். இந்த மனுசனிட்ட எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்துக் குளிசைதான். விடும்.


ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. எனக்கு லீவு இல்லை. 12 பாகை, மரங்களில மெல்லப் பச்சை.

கோப்பி நேரம் சபீனாவுக்கு (எங்கட முதியோர் இல்லத்தில என்னோட வேலை செய்யிறவ) தலைப்பைச் சொன்னன். கப்பைக் கீழ வைச்சிட்டா. "அமெரிக்கர் வராமல் விட்டிருந்தால் நானும் நீயும் இப்பிடி இருந்து கோப்பி குடிச்சிருக்க மாட்டம்" எண்டா. அதைக் குறிச்சு வைச்சன், வசந்தியக்கா இதைத்தான் தூக்கிப் பிடிப்பா. மறுமொழி வேணும்.

நூலகத்தில எடுத்த ரெண்டு புத்தகம், யூரியூப்பில ஆறு வீடியோ. என்ர பக்கத்துக்குச் சாமான் கனக்க இருக்கு:

– அதுக்கு இருபது வருஷம் சொச்சத்துக்கு முதல்தான் முதலாம் உலகச் சண்டைக்குப் பிள்ளையளைக் குடுத்தவை. எல்லாச் சண்டையையும் முடிக்கிற சண்டை எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனது. முடிஞ்சுதோ?
– கமக்காரர், பாதிரிமார், கம்பஸ் பிள்ளையள், சோசலிசக்காரர், முதலாளிமார். ஒருத்தரையொருத்தர் கண்ணில காட்டேலாத ஆக்களெல்லாம் இதில ஒரு பக்கம். அவ்வளவு பேருக்கும் சுயநலமோ?
– தாய்மார்!! கறுப்பு உடுத்து, சட்டம் போடுற மண்டபத்துக்கே போய் இருந்தவை, எங்கட பிள்ளையளை அனுப்பாதேங்கோ எண்டு.

தாய்மாரில நான் மண்டபத்தை அழப்பண்ணுவன். அது நிச்சயம்.

மெலனி இண்டைக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கேல்லை. பாற்சோறு சாப்பிட்டவள், ரெண்டாந்தரமும் வாங்கினவள்.


ஏப்ரல் 17, வெள்ளி

எங்கட வீட்டு வழக்கம்: பட்டிமன்றத்துக்கு முதல் மெலனிதான் எனக்கு எதிரி. பத்து வயசிலயிருந்து. குசினி மேசைக்கு அங்கால நிண்டு மற்றப் பக்கத்தைக் கதைப்பாள், நான் அடிச்சு நொருக்குவன். ஒரு டொக்டரிட்ட அவுஸ்பில்டுங், அதாவது வேலை பழகுறது, ரெண்டாம் வருஷம், களைச்சுப்போய்த்தான் வாறவள். ஆனால் இதுக்கு மாட்டன் எண்டு சொன்னதில்லை.

இண்டைக்கு ஒரு பேச்சு வாசிச்சுக் காட்டினன். அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு, நானே தமிழாக்கினது. எங்கட மண், எங்கட பிள்ளை, கடலுக்கு அங்கால நடக்கிறது எங்கட சண்டையில்லை எண்டு. வாசிச்சுக்கொண்டே எழும்பி நிண்டிட்டன்.

மெலனி ஃபோனில தட்டினாள். "அம்மா, இந்த ஆள் இதோட நிப்பாட்டேல்லை. கொஞ்சம் தள்ளி, சண்டைக்கு இழுக்கிறது யூதர்கள்தான் எண்டு சொல்லியிருக்கு. கீழ வாசியுங்கோ."

வாசிச்சன். உண்மைதான். அந்தத் தாய்மாரிலயும் கனபேர் அந்தக் கதை கதைச்சுத் திரிஞ்சவையாம். எல்லாரும் இல்லை. ஆனால் கனபேர்.

பேச்சுக் கடதாசியைக் கிழிச்சு வாளிக்குள்ள போட்டன். அது என்ர வாயால வராது, அதுவும் இந்த நாட்டு மண்ணில நிண்டுகொண்டு. ரெண்டு நாள் உழைப்பு, கோதாரி. தாய்மாரை விடமாட்டன், ஆனால் ஆர் ஆர் எண்டு பாத்துத்தான் எடுப்பன்.

"அந்த அழுக்கைக் கழிச்சாலும் என்ர பக்கம் வெல்லும்" எண்டன்.

"வெல்லாது."

"வெண்டால்?"

சிரிச்சாள். அந்தச் சிரிப்பில எனக்குச் சன்னதம் வந்திட்டுது. சொல்லிப்போட்டன்: "நான் வெண்டால் அந்த ஆமிக் கடிதத்தைக் கிழிக்கிறாய். தோத்தால், அதைப்பற்றி நான் வாய் திறக்கமாட்டன்."

கொஞ்சம் யோசிச்சாள். கையை நீட்டினாள். "ஓகே. சத்தியம்."

அதுக்குப் பிறகுதான் கேட்டன், நீ உண்மையா அதுக்கு யோசிக்கிறியோ எண்டு. "ஓம்" எண்டாள். ஆமியில மருத்துவப் பக்கமும் இருக்காம், காயப்பட்டவையைப் பாக்கிறது. ஏதோ பூந்தோட்டத்தில வேலை மாதிரிச் சொல்லுறாள். காயம் எங்க படுமெண்டு இவளுக்கு ஆர் சொல்லுறது?

பரவாயில்லை. பந்தயம் பிடிச்சாச்சு. வசந்தியக்காவைத் தோக்கடிக்கிறது எனக்குப் பருப்புக் கறி வைக்கிற மாதிரி.


ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தது. ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். பட்டிமன்றத்துக்கெண்டு மாதாவிட்டக் கேக்கிறது சரியில்லைத்தான், ஆனால் இது பட்டிமன்றத்துக்கு மட்டும் இல்லையே.

பயிற்சி ரெண்டாம் நாள். நேர்மையா எழுதினால், மெலனி தேறியிருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு பிழையாத் திருத்தினன். "அந்த இடத்தில நிப்பாட்டி மூச்சு விடு." "முதல்ல கேள்வியைக் கேள், பேந்து மறுமொழி." "சனத்தைப் பார், கடதாசியைப் பாராதை." எதிரிக்குப் பலம் இருந்தால்தான் எனக்குப் பயிற்சி. அன்ரன் பேப்பருக்குப் பின்னால இருந்து, "நீர் உம்மட கழுத்துக்கு நீரே கத்தி தீட்டுறீர்" எண்டார். பகிடிக்குத்தான்.

நாளைக்கு: தையல் நூல் (மஞ்சள்), முட்டை, வீட்டுக்காரனுக்கு நாலாம் கடிதம்.


ஏப்ரல் 22, புதன்

16 பாகை, நல்ல வெயில். வீட்டுக்காரன் வந்து யன்னலைப் பாத்தான், தலையாட்டினான், போனான்.

பின்னேரம் யூட் அண்ணை பதறிக்கொண்டு எடுத்தார். வசந்தியக்காவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு கிழமைக்குக் கதைக்கவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம். "பட்டிமன்றத்தை இந்த முறை விடுவம் பிள்ளை."

விடுறதோ! பந்தயம் என்னாகிறது? அதோட எனக்கு ஒரு எடுப்பும் இருக்குதுதானே, மறைப்பானேன்.

"ஏனண்ணை நிப்பாட்டுறியள்? என்ர மெலனி இருக்கிறாள். மற்றப் பக்கம் முழுக்க அவளுக்குப் பாடம்."

"தாயும் மகளும் நேருக்கு நேரோ!" அவருக்குச் சந்தோஷம் தாங்கேல்லை. "மண்டபம் நிறையும், பாரும்."

நான் போட்ட கணக்கு இதுதான். குசினியில கதைக்கிறது வேற, மேடை வேற. இஞ்ச பிறந்த பிள்ளை, நூற்றைம்பது சனத்துக்கு முன்னால தமிழில தடக்குவாள். கைதட்டு வாங்கிக்கொண்டு வடிவாத் தோப்பாள். கடிதமும் வாளிக்குள்ள போகும். இப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்தது எண்டு எனக்கும் பேர். ஒரு கல்லில எத்தினை மாங்காய்!

மெலனியிட்டச் சொன்னன். "பந்தயம் அப்பிடியே இருக்கோ?"

"அப்பிடியே."

"சரி" எண்டிட்டு யோகட் எடுத்துக்கொண்டு போட்டாள்.


ஏப்ரல் 25, சனி

காலமை. தூறல். 1.20 ட்ரெயின்.

சேலை (மாம்பழ மஞ்சள்). ஊசி ஆறு. குறிப்பு அட்டை 12. றோல்ஸ் ரெண்டு பெட்டி, அன்ரன் தூக்குவார். மெலனிக்குத் தண்ணிப் போத்தில்.

அவள் சேலை மாட்டாளாம். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட். "வேலைக்குப் போற மாதிரி இருக்கு" எண்டன். "வேலைதானே" எண்டாள். நகம் கடிக்கிறாள், அதைப் பாத்து எனக்குக் கொஞ்சம் பாவமாவும் இருக்கு, கொஞ்சம் சந்தோஷமாவும் இருக்கு.

அட்டை 11 தான் என்ர குண்டு. கடைசி மறுமொழிக்கு வைச்சிருக்கிறன்: "சண்டைக்குப் போ போ எண்டு மேடையில கத்துறவை ஒருநாளும் தாங்கள் போறதில்லை. போறது மற்றவையின்ர பிள்ளையள்." இதுக்கு மறுமொழி உலகத்தில இல்லை.


ஏப்ரல் 26, ஞாயிறு

பூசைக்குப் போகேல்லை. கால் நோகுது எண்டு சொன்னன். நடந்ததை ஒழுங்கா எழுதிவைக்க வேணும்.

மண்டபம் நிரம்பல். கதிரை காணாமல் பிள்ளையள் நிலத்தில. நான் முதல், பன்னிரண்டு நிமிஷம். பெருமைக்குச் சொல்லேல்லை, நல்லாத்தான் பேசினன். முதல் சண்டையில மகனைக் குடுத்த தாய் ரெண்டாவதையும் அனுப்பவோ எண்டு கேட்டன், மூண்டு பேர் லேஞ்சி எடுத்துக் கண்ணைத் துடைச்சவை. அழுக்குக் கதை கதைச்சவையைப் பற்றியும் சொன்னன், அவையை நான் என்ர பக்கத்தில சேர்க்கேல்லை எண்டு. அதுக்கும் கைதட்டு. வந்து இருக்கேக்க, வெண்டாச்சு எண்டு நினைச்சன்.

மெலனி. தொடக்கத்திலேயே நியாயவாதிகள் எண்டு சொல்ல நாக்குச் சுளுக்கிச்சு. சனம் சிரிச்சது. அவளும் சிரிச்சாள், "மன்னிக்கோணும், எங்கட அம்மாவுக்குத்தான் அது வாய்க்குள்ள நிக்கும்" எண்டாள். அதில சனத்தைப் பிடிச்சிட்டாள். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே நிப்பாட்டி மூச்சு விட்டாள், சனத்தைப் பாத்தாள். ஹம்பேர்க்கில இருந்து யூத அகதியளை ஏத்திக்கொண்டு போன கப்பலைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்கக் கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்தில நிண்டதாம், இறங்க விடேல்லையாம், திருப்பி அனுப்பினதாம். "அது எங்கட பிரச்சினை இல்லை எண்ட ஒரே நினைப்புத்தான், கப்பலையும் திருப்பினது, சண்டைக்கும் போகாதை எண்டது" எண்டாள். என்ர குறிப்பில அந்தக் கப்பல் இல்லை. தானாத் தேடியிருக்கிறாள். மன்னாரில இருந்து வள்ளத்தில வெளிக்கிட்ட சனம் அந்த மண்டபத்தில எத்தினை பேர்!

பேந்து என்னைப் பாத்தாள்.

"2009இல ஊரில எங்கட கடைசிச் சண்டை நேரம் எனக்கு ஒரு வயசு. அம்மா என்னைத் தள்ளுவண்டிலில வைச்சுக்கொண்டு டுசில்டோர்ஃபில ரோட்டில நிண்டு, ஆராவது வாங்கோ எண்டு கத்தினவ. ஒருத்தரும் வரேல்லை. ஒருத்தரும் வரேல்லை எண்டு இண்டு வரைக்கும் வீட்டில சொல்லுறவ. நான் அதைக் கேட்டுத்தான் வளந்தனான். வராமல் விடுறது நியாயம் எண்டால், அண்டைக்கு எங்களுக்கு வராமல் விட்டதும் நியாயம்தானே? எனக்கு அப்பிடி நினைக்க ஏலாது. ஆராவது போகத்தான் வேணும். போற ஆக்களில ஒராளா இருக்க நான் விரும்பிறன்."

கடைசி வசனம் பேச்சுக்குச் சொன்னது எண்டு சனம் நினைச்சு விழுந்து விழுந்து கைதட்டினது. அது பேச்சுக்கில்லை எண்டு தெரிஞ்சது மண்டபத்தில எனக்கும் அன்ரனுக்கும்தான். அன்ரன் றோல்ஸ் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தபடி.

மறுமொழிக்கு எனக்கு ரெண்டு நிமிஷம். எழும்பினன். கையில அட்டை 11. கத்துறவை தாங்கள் போறதில்லை. எனக்கு முன்னால நிக்கிறவள் போகப்போறன் எண்டு நிக்கிறாள். அந்த அட்டையை வைச்சு நான் என்ன செய்யிறது? மைக் கீச்சிட்டது. யூட் அண்ணை மணிக்கூட்டைக் காட்டினார்.

என்ர வாயில வந்தது இவ்வளவும்தான்: "ஓம், கத்தினன். அண்டைக்கு நான் வாங்கோ எண்டு கூப்பிட்டது வேற தாய்மாரின்ர பிள்ளையளை. அதைப் பற்றி ஒருநாளும் யோசிக்கேல்லை. அந்தத் தாய்மாருக்கு விட மனம் வந்திராது. இண்டைக்கு என்ர பிள்ளையை விட எனக்கும் மனமில்லை. இது நியாயமோ சுயநலமோ எண்டு கேட்டால், ரெண்டும்தான். பொய் சொல்ல ஏலாது."

இருந்திட்டன். இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல கிடந்தது. நான் நேரத்தை மிச்சம் விட்டது சரித்திரத்தில இல்லை.

யூட் அண்ணை நடுவர் கதிரையில இருந்து, "எதிர்க்கட்சி தானே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு இஞ்ச என்ன வேலை?" எண்டார். தீர்ப்பு: சுயநலக்காரர். வெண்டது மெலனி.

சனம் முழுக்க என்னைச் சுத்தி. "என்ன பிள்ளையப்பா! என்ன தமிழ்! ஆர் பழக்கினது?" வசந்தியக்கா கதைக்கேலாமல் என்ர கையைப் பிடிச்சு ஆட்டினா, அதில கொஞ்சம் சந்தோஷம் கூடத்தான் இருந்தது. நானும் சிரிச்சுச் சிரிச்சு, "நான்தான் பழக்கினது" எண்டன். பெருமைதான். நெஞ்சு நிறைஞ்சுதான் இருந்தது. அதே நெஞ்சுக்குள்ள ஆரோ கல்லைத் தூக்கி வைச்ச மாதிரியும் இருந்தது.

ட்ரெயினில றோல்ஸ் பெட்டி அன்ரனின்ர மடியில. மெலனி என்ர தோளில சாஞ்சு நித்திரை.


ஏப்ரல் 27, திங்கள்

காலைச் சிஃப்ட். சபீனா கேட்டா, வெண்டியோ எண்டு. "என்ர மகள் வெண்டாள்" எண்டன். "சுப்பர்!" எண்டா. ஓம், சுப்பர்.

வாய் திறக்கேல்லை. சொன்ன சொல். அன்ரனுக்கு அதிசயம், "உமக்குச் சுகமில்லையோ?" எண்டு ரெண்டுதரம் கேட்டிட்டார். யோசிச்சுப் பாத்தன்: விருப்பம் எண்டு எழுதின உடன கூட்டிக்கொண்டு போகமாட்டினம். டெர்மின் எண்டு ஒரு நாள் குடுப்பினம், பரிசோதிப்பினம், கதைப்பினம். மாசக் கணக்காகும். அவுஸ்பில்டுங் முடிய இன்னும் ஒரு வருஷம் கிடக்கு. என்ர கதை இன்னும் முடியேல்லை. பந்தயம் அந்தக் கடிதத்துக்குத்தான், மற்றதுகளுக்கு வாய் இருக்கு.

பால், கருவேப்பிலை, யன்னலுக்கு நாடா (வீட்டுக்காரனை நம்பிப் பிரயோசனமில்லை).


ஏப்ரல் 28, செவ்வாய்

நல்ல வெயில், 19. யன்னல் திறந்து கிடக்கு.

மெலனி வேலையால வந்து கைகால் கழுவிப்போட்டு, அந்தக் கடிதத்தையும் லப்டொப்பையும் குசினி மேசையில கொண்டுவந்து வைச்சாள். ஃபோம் இன்டர்நெட்டிலதானாம் நிரப்புறது. அறைக்குள்ள இருந்து செய்திருக்கலாம். எனக்கு முன்னாலதான் செய்ய வேணும் எண்டு நினைச்சிருப்பாள். ஒளிச்சுச் செய்யிற பிள்ளை இல்லை, அது என்ர வளர்ப்பு. நான் கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தன். வாய் திறக்கேல்லை.

பேர். பிறந்த தேதி. படிப்பு. ஒவ்வொண்டா அமத்திற சத்தம் கேட்டது. விருப்பமோ எண்ட கேள்வி வந்திருக்க வேணும், கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு அமத்தல்.

எட்டிப் பாத்தன். உயரம் கேட்டிருந்தது. 1.62 மீற்றர் எண்டு அடிச்சிருந்தாள்.

"எழும்பு" எண்டன்.

"என்னம்மா?"

"எழும்பி வா. சப்பாத்தைக் கழட்டு."

தையல் பெட்டியால அளவு நாடாவை எடுத்தன். கதவு நிலையோட சாத்தி நிப்பாட்டினன். "குதியைத் தூக்காதை. நேர பார்." தலையில கையைத் தட்டையா வைச்சு, பென்சிலால ஒரு கோடு. தலைமயிர் ஆஸ்பத்திரி மணம், டொக்டரிட்ட இருந்து வந்தது. கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சது.

"நூற்றி ஐம்பத்தேழு" எண்டன். "அஞ்சு சென்ரிமீற்றர் கூட்டி எழுதியிருக்கிறாய். போற இடத்தில பொய் சொல்லக்கூடாது. திருத்து."

போற இடத்தில எண்டு வாயில வந்திட்டுது. அவள் அப்பிடியே நிண்டு என்னைப் பாத்தாள். நான் அளவு நாடாவைச் சுத்தினன்.